கடைசி நாள், மாலை 5 மணி

சீனிவாச ராமானுஜன் 1903 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அடுத்த மாதமே, 1904 ஜனவரியில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. என்ற இடைநிலைப் படிப்பின் முதலாண்டு வகுப்பில் சேர்ந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையைப் படிக்கிறவர்களுக்குக் கணக்கு நோட்டுதான் கண்ணில் படும். இந்த இரண்டு தேதிகளும் படாது. எனக்கோ அந்த ஜனவரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கல்லூரி திறப்பது ஜூன் மாதம் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுவதும், கல்லூரி விண்ணப்பத்துக்கு அலைவதும் கோடையின் கடைசி வாரங்களோடு ஒட்டிப்போன காரியங்கள். ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே கும்பகோணத்தில் கல்வியாண்டு பொங்கலை ஒட்டித் தொடங்கி மார்கழித் தேர்வோடு முடிந்திருக்கிறது.

ஆக, ஜூன் என்பது வானத்திலிருந்து விழுந்த மாதம் அல்ல. யாரோ வைத்தார்கள், பிறகு யாரோ மாற்றினார்கள். கல்வியாண்டின் ஒவ்வொரு தேதியும் அப்படித்தான். வகுப்பு தொடங்கும் நாள், சேர்க்கை முடியும் நாள், கட்டணம் கட்டக் கடைசி நாள், தேர்வு நாள், முடிவு வரும் நாள், பட்டமளிப்பு நாள் என்று எல்லாமே ஒரு மேசையில் உட்கார்ந்து சிலர் எழுதியவை. அந்த மேசையிலிருந்து எந்த வீடு தெரிந்தது, எந்த வீடு தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி. காவிரிக் கரையில் உள்ள ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ல் சட்டத்தால் பிறந்தது. அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவும் ஜூலையில் பம்பாயும் பிறந்திருந்தன. மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இவை பாடம் நடத்துவதற்காக உண்டாக்கப்பட்டவை அல்ல, தேர்வு வைப்பதற்காக உண்டாக்கப்பட்டவை. வகுப்பு கல்லூரியின் பாடு. கேள்வித்தாளும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் பாடு. சென்னையின் முதல் பட்டதாரிகள் என்று நாம் பெருமையாகச் சொல்லும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் படித்து உருவானது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில். கற்பித்தது கடலுக்கு அந்தப் பக்கம், தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது இந்தப் பக்கம்.

தேர்வு வைப்பதற்காகவே பிறந்த நிறுவனத்தின் நாட்காட்டி தேர்வைச் சுற்றித்தான் சுழலும். தேர்வு நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். கேள்வித்தாள் அச்சுக்கு இத்தனை நாள், ஹால் டிக்கெட்டுக்கு இத்தனை நாள், விண்ணப்பம் சரிபார்க்க இத்தனை நாள். எண்ணி எண்ணி வந்து நிற்கும் இடம்தான் கட்டணம் கட்டக் கடைசி நாள். பல்கலைக்கழகங்கள் பின்னால் ஆராய்ச்சித் துறைகளைத் தொடங்கின, முதுகலை நடத்தின, வளாகங்கள் எழுப்பின. ஆனால் ஒரு கல்லூரி மாணவனிடம் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று இன்று கேட்டாலும், அவன் மனத்தில் முதலில் வருவது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அலுவலகம்தான். "சி.ஓ.இ. ஆபீஸ்ல இருந்து சர்க்குலர் வந்துடுச்சு" என்றால் கல்லூரியே ஒரு நிமிடம் நின்று கேட்கும்.

அந்த சர்க்குலரைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அலுவலகத்துக்கு வெளியே கம்பிவலைக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை. உள்ளே ஊதா முத்திரை குத்திய ஒரு தாள், நான்கு மூலையிலும் குண்டூசி. முதல் வரி, அபராதம் இல்லாமல் கட்டக் கடைசி நாள். இரண்டாம் வரி, அபராதத்துடன் கட்டக் கடைசி நாள். மூன்றாவது வரியில் தேதியே இருக்காது: அதன் பிறகு எக்காரணம் கொண்டும் ஏற்கப்பட மாட்டாது. வலையின் மேல் விரலை வைத்து மாணவர்கள் படிக்கும்போது கவனித்திருக்கிறேன். வசதியுள்ள பிள்ளைகள் முதல் வரியோடு நகர்ந்துவிடுவார்கள். சிலரின் விரல் மட்டும் இரண்டாம் வரிக்கு இறங்கும். அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். அபராதத் தொகை சிறியதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அது இல்லாதவன் மட்டும் கூடுதலாகக் கட்டும் தொகை. கையில் பணம் இருப்பவன் கட்டுவதைவிட, பணம் இல்லாதவன் அதிகம் கட்ட வேண்டும் என்ற விசித்திரமான கணக்கு அந்த இரண்டாம் வரியில் இருக்கிறது.

இங்கிலாந்துப் பக்கம் கொஞ்சம் போய்வரலாம். ஆக்ஸ்போர்டில் மூன்று பருவங்கள்: மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி. ஒவ்வொன்றிலும் வகுப்பு நடப்பது எட்டு வாரம். முதல் பருவத்தின் பெயருக்குக் காரணமான புனித மைக்கேல் திருநாள் செப்டம்பர் 29. அந்த நாட்டின் பழைய வழக்கத்தில் ஆண்டுக்கு நான்கு கணக்கு முடிக்கும் நாட்கள் உண்டு. செப்டம்பர் 29 அவற்றில் ஒன்று. அறுவடை முடிந்து, குத்தகை கட்டி, வேலையாட்களுக்குக் கூலி தீர்த்து, புது ஆளை அமர்த்தும் நாள். பல்கலைக்கழகம் வேளாண்மையைப் பார்த்துத்தான் அந்தத் தேதியை வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அது கோயில் நாட்காட்டியிலிருந்து வந்த பெயர். ஆனால் அந்த மண்ணில் கோயில் நாட்காட்டியும் களத்துமேட்டு நாட்காட்டியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஊர் கணக்கு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்த பிறகுதான் மாணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

நம் ஊரில் அந்தப் பின்னல் இல்லை. இதை நான் கண்ணால் கண்டது காவிரி டெல்டாவில்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பது மரபு. குறுவைக்கான தேதி அது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரத்தில் ஒரு வீட்டின் பணம் மண்ணுக்குள் இறங்கும் நேரம் அந்த மாதம்தான். உழவுக்கு டிராக்டர் வாடகை, விதைநெல், நாற்றங்கால், அடியுரம், நடவுக் கூலி என்று எல்லாமே வெளியே போகும் பணம். ஒரு காசு உள்ளே வராது. குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வர ஐப்பசி ஆகிவிடும். சம்பா என்றால் தை, மாசி. கல்லூரிச் சேர்க்கையும் முதல் பருவக் கட்டணமும் சரியாக அந்த ஜூனில், நீளப்போனால் ஜூலையில் வருகின்றன. வீட்டில் இருக்கும் நகை ஒன்றுதான். அதை உரத்துக்கு வைப்பதா, பிள்ளையின் கட்டணத்துக்கு வைப்பதா என்பது அந்த மாதத்தின் பேச்சு. பிள்ளைக்கு வைத்துவிட்டு, உரத்துக்கு வட்டிக்கு வாங்கிய தகப்பன்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதைப் பெரிய தியாகமாகவும் சொல்லிக்கொள்வதில்லை. "என்னங்க பண்றது, தேதி வந்துடுச்சு" என்பார்கள். அவ்வளவுதான்.

கடற்கரைக்குப் போனால் இன்னும் நெருக்கமாக இடிக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது. 2017-ல் 61 ஆனது. மீன் இனம் பெருக அது தேவை என்பதில் மீனவர்களுக்கே மறுப்பில்லை. ஆனால் இரண்டு மாதம் படகு கரையில் கிடந்து, அரசு தரும் நிவாரணத்தில் வீடு ஓடி, ஜூன் 15-ஆம் தேதி விடியலில் முதல் வலை வீசப் போகிறார்கள். போவதற்கு முன் படகுக்குப் பெயின்ட், எஞ்சின் பழுது, வலை, டீசல், ஐஸ் எல்லாவற்றுக்கும் கடன். நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ அந்த வாரத்தில் ஒரு மீனவர் வீட்டைப் போல வறண்ட வீடு ஆண்டில் வேறெந்த வாரத்திலும் இராது. ப்ளஸ் டூ தேறிய மகளுக்குச் சேர்க்கைக் கடிதம் வருவது அப்போதுதான். ஒரே மாநில அரசின் ஒரு துறை தடைக்காலத்தின் தேதியை வைக்கிறது. இன்னொரு துறை சேர்க்கையின் தேதியை வைக்கிறது. இரண்டும் ஒரே வீட்டு வாசலில் வந்து முட்டிக்கொள்வதை எந்தத் துறையும் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் சரிகட்ட உதவித்தொகைகள் இருக்கின்றன என்பதை நான் மறக்கவில்லை. முதல் பட்டதாரி மாணவர்களுக்கான கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேலே வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. நல்ல திட்டங்கள், வகுப்பில் அவற்றின் பலனைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உதவித்தொகை என்பது சேர்ந்த பிறகு, பெயர் ஏறிய பிறகு, வங்கிக் கணக்கு சரிபார்த்த பிறகு வருவது. கட்டணம் அதற்கு முன்னால் கேட்கப்படுவது. பணம் வரும் என்ற உறுதிக்கும் பணம் கேட்கும் தேதிக்கும் நடுவில் உள்ள அந்தச் சில வாரங்களில்தான் வட்டிக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

சேர்க்கைத் தேதியைச் சுற்றி இன்னொரு சிக்கல் உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முதலில் வந்துவிடும். பொறியியல் கலந்தாய்வும் மருத்துவக் கலந்தாய்வும் பின்னால் வரும். கையில் ஒன்றாவது இருக்கட்டும் என்று முதலில் கிடைத்த இடத்தில் பணத்தைக் கட்டுவார்கள். பிறகு வேண்டிய இடம் கிடைக்கும். முதலில் கட்டிய பணம்? யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கு ஒரு படிக்கட்டு வைத்தது. அறிவித்த கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால் ஏறக்குறைய முழுப் பணமும் திரும்பும். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாள் வரை 80. அதன்பின் 30 நாள் வரை 50. அதற்கும் மேலே போனால் ஒன்றும் இல்லை. கூடவே, மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. கொரோனாவுக்குப் பிறகு ஆண்டுகள் குழம்பியபோது இன்னும் இறங்கிவந்தது: 2022–23 கல்வியாண்டில் அக்டோபர் 31 வரை விலகினால் முழுப் பணம், டிசம்பர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அறிவித்தது.

இந்த விதியைப் பெற்றோர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் "ஒருமுறை கட்டினா கட்டினதுதாங்க" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி ஜன்னலை மூடும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அப்பாவுக்கு விதி தெரியாது, மகனுக்குக் கூச்சம். பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

நடுவருடத்துத் தேதிகளுக்கு வருவோம். முதல் பட்டப் படிப்புக்கு ஆண்டில் குறைந்தது 180 நாள் உண்மையாகவே பாடம் நடந்திருக்க வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2003-ஆம் ஆண்டு விதி சொன்னது. வாரம் ஆறு நாள் என்றால் 30 வாரம். இரண்டு பருவமாகப் பிரித்தால் பருவத்துக்கு 90 நாள். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பது பரவலான விதி. 90 நாளில் 75 சதவீதம் என்றால் 22 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். அதற்குக் கீழே 65 வரை வந்தவர்கள் காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு போயிற்று.

22 நாள் நிறைய என்று தோன்றும். நடவுக்குப் பத்து நாள், அறுவடைக்கு ஒரு வாரம், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நான்கு நாள், தனக்குக் காய்ச்சல் என்று ஐந்து நாள் போட்டுப் பாருங்கள்: 26. இதில் ஒரு நாள்கூட ஊர் சுற்றியது இல்லை. உள்ளூர்க் கல்லூரிகளில் கண்டோனேஷன் பட்டியலை எடுத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு, அதில் பாதிப் பேர் சினிமாவுக்குப் போனவர்கள் இல்லை என்பது தெரியும். வேலைக்குப் போனவர்கள். வேலைக்குப் போனதால் வருகை குறைந்தவர், அந்த வேலையில் வந்த கூலியிலிருந்தே கண்டோனேஷன் கட்டுகிறார். பெயர்தான் மன்னிப்பு, மன்னிப்புக்கு ரசீது கொடுக்கிறார்கள்.

தேர்வு மாதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைப்படைப் பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. அந்த இரண்டு மாதங்களும் அதற்குள் வருபவை. இரட்டைப்படைப் பருவத் தேர்வு ஏப்ரல், மே. அக்னி நட்சத்திரம். வெயிலிலும் வெள்ளத்திலும் மட்டுமே தேர்வு வைப்பது என்று யாரும் தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு கரை உடைத்து ஓடியபோது சென்னைக் கல்லூரிகளில் தேர்வுக் காலம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதேதான். இரண்டு முறையும் பல்கலைக்கழகங்கள் தேர்வைத் தள்ளிவைத்தன. தள்ளிவைக்க முடிந்தது என்பதைக் கவனித்துவைத்துக்கொள்ள வேண்டும். வானம் கேட்டால் தேதி நகர்கிறது.

2020 அதைவிடப் பெரிய பாடம். கொரோனா எல்லாத் தேதிகளையும் ஒரே மார்ச் மாதத்தில் அழித்துவிட்டது. இறுதிப் பருவத் தேர்வைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்த வேண்டும் என்று யு.ஜி.சி. ஜூலையில் சொன்னது, ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஆகஸ்ட் 26-ல், அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இறுதிப் பருவத் தாள்கள் தவிர மற்ற அரியர் தாள்களுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிக் காத்திருந்தவர்கள் தேர்வெழுத வேண்டியதில்லை. தேர்ச்சி பெற்றவர்களாகக் கொள்ளப்படுவார்கள். ஊரே கொண்டாடியது, சுவரொட்டிகூட ஒட்டினார்கள். பிறகு வழக்கு வந்தது. தேர்வில்லாமல் தேர்ச்சி கூடாது என்று யு.ஜி.சி. சொன்னது, 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்வை நடத்தியே ஆக வேண்டும் என்றது.

அந்தச் சர்ச்சையில் எல்லோரும் தரத்தைப் பற்றிப் பேசினார்கள். "கட்டணம் கட்டிக் காத்திருந்தவர்கள்" என்ற மூன்று சொற்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரே வகுப்பு, ஒரே தாள், இரண்டு பேருக்கும் அரியர். ஒருவன் தேதிக்குள் கட்டியிருந்தான். இன்னொருவன் வீட்டில் பணம் வரவில்லை, அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். அறிவிப்பின்படி முதலாமவன் தேறினான், இரண்டாமவன் தேறவில்லை. இருவருமே அந்தத் தேர்வை எழுதவில்லை. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு ரசீது. கட்டணத் தேதி எவ்வளவு தூரம் தேர்வின் இடத்தையே பிடித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொரு சான்று வடக்கிலிருந்து சென்னைக்கு வந்தது. 2024-ல் உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்துத் தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. அவருடைய தகப்பனார் நாளுக்கு 450 ரூபாய் வாங்கும் கூலித் தொழிலாளி. இடத்தை உறுதிசெய்யக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கடைசி நாள் ஜூன் 24, மாலை 5 மணி. 39 நாள் கூலியை நான்கு நாளில் புரட்ட வேண்டும். ஊரார் கொடுத்துப் பணம் சேர்ந்தபோது மணி 4.45. கணினியில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே 5 அடித்தது, இணையவழி மூடிக்கொண்டது. இடம் போயிற்று. அவர் ஜார்க்கண்ட் சட்ட உதவி ஆணையத்துக்குப் போனார். அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பர் 30-ல் தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவருக்குத் தனியாக ஓர் இடம் உண்டாக்கிச் சேர்க்கச் சொன்னது. 2021 நவம்பரில் பம்பாய் ஐ.ஐ.டி. இடத்தை இதேபோல், கட்டணம் செலுத்தும் நேரத்தில் அட்டை வேலை செய்யாமல் இழந்த இன்னொரு தலித் மாணவருக்கும் அதே 142-ஐத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் மிகச் சிறப்பான அதிகாரம், ஒரு கட்டணத் தேதியைத் திறக்கத் தேவைப்பட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போகத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது. சேராதவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தேதியே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை செய்பவர்களின் பாட்டை நான் அறிவேன். எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று தெரியாமல் கேள்வித்தாளை எண்ணிக் கட்ட முடியாது, அறை ஒதுக்க முடியாது, கண்காணிப்பாளர் போட முடியாது. மருத்துவச் சேர்க்கைக்கு செப்டம்பர் 30 என்று ஒரு கோட்டை உச்ச நீதிமன்றமே நெடுங்காலம் கட்டிக்காத்ததற்கும் காரணம் உண்டு. தேதி தளர்ந்த இடத்தில் புறவாசல் சேர்க்கை நுழைந்தது. தேர்வு மண்டபத்தில் காலை 10 மணி என்றால் எல்லோருக்கும் 10 மணியாக இருப்பதே நியாயம். அங்கே இளக்கம் கூடாது.

ஆனால் இந்த இரண்டும் ஒரே வகைத் தேதிகள் அல்ல. தேர்வு நேரம் பணக்காரனையும் ஏழையையும் ஒரே மாதிரி கட்டுகிறது. கட்டணத் தேதி ஒருவனைத்தான் கட்டுகிறது. கேள்வித்தாளை எண்ணுவதற்கு மாணவனின் பெயர் போதும். அவன் பணம் அன்றைக்கே வேண்டியதில்லை. பெயரைக் கொடுக்க ஒரு தேதி, பணத்தைக் கொடுக்க வேறொரு தேதி என்று பிரித்துவிட்டால் அச்சகத்துக்கும் குறைவில்லை, அறை ஒதுக்கீட்டுக்கும் குறைவில்லை. முதல் பருவக் கட்டணத்தை ஜூனில் கொஞ்சம், ஐப்பசியில் கொஞ்சம், தை மாதத்தில் மீதி என்று வைத்தால் டெல்டா வீட்டுக்கு மூச்சு வரும். தடைக்காலம் முடிந்து நான்கு வாரம் கழித்துக் கடற்கரை மாவட்டங்களில் கட்டலாம் என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் கஜானாவும் காலியாகிவிடாது. அபராதத்தை எடுத்துவிடுவதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

இப்படிக் கேட்கும்போது, மாணவர்களுக்கு ஒழுங்கு வர வேண்டாமா என்று சக ஆசிரியர்களே கேட்பார்கள். ஒழுங்கு வரட்டும். இரண்டு பக்கமும் வரட்டும். ஒரு மாணவர் பட்டம் பெறத் தகுதியாகும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2008-ஆம் ஆண்டு விதி. பாடம் நடத்த 180, பட்டம் கொடுக்க 180. முதல் எண்ணில் குறை வந்தால் மாணவர் கண்டோனேஷன் கட்டுகிறார். இரண்டாம் எண்ணில் குறை வந்தால்? 2023 ஜூனில் அன்றைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி, பட்டமளிப்பு விழாக்கள் நடக்காததால் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டச் சான்றிதழுக்குக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார். ஆளுநரா அரசா, யார் காரணம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவர்களுக்கும் வேலையில் சேரப் போனவர்களுக்கும் அந்த மாதங்களில் யாரும் அபராதம் கட்டவில்லை. ஒரு நாள் தாமதித்த மாணவருக்கு இரண்டாம் வரி இருக்கிறது. ஆறு மாதம் தாமதித்த நிறுவனத்துக்கு அறிவிப்புப் பலகையில் வரியே இல்லை.

யு.ஜி.சி. 2024-ல் ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி தந்தது: ஜூலை–ஆகஸ்டில் ஒன்று, ஜனவரி–பிப்ரவரியில் ஒன்று. ஆசிரியர் எண்ணிக்கையும் வகுப்பறையும் இருந்தால்தான் அது நடக்கும். காலியிடங்களை நிரப்பாத கல்லூரிகளில் இரண்டாவது சேர்க்கை காகிதத்தில்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஜனவரி எனக்கு ஒன்றை நினைவூட்டியது. தை பிறந்து, சம்பா அறுத்து, கையில் நெல் பணம் இருக்கும் மாதம் அது. 1904-ல் ஒரு துணிக்கடைக் குமாஸ்தாவின் மகன் கும்பகோணத்தில் கல்லூரிக்குள் நுழைந்த மாதமும் அதுதான்.

அவரை அந்தக் கல்லூரி நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் இரண்டாம் ஆண்டுக்கு ஏற முடியவில்லை, உதவித்தொகை போயிற்று. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பார்த்தார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எஃப்.ஏ. எழுதியும் தோற்றார். விதிப்படி பார்த்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு அவருக்கு இருந்த உறவு அந்த டிசம்பரில் முடிந்துவிட்டது.

1913-ல் அதே பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட், எந்தப் பட்டமும் இல்லாத துறைமுகக் குமாஸ்தா ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க முடிவுசெய்தது. மே 1 முதல், இரண்டு ஆண்டுக்கு. அது எந்தக் கல்வியாண்டின் தொடக்கமும் இல்லை. போட்ட நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை. மே 1-லிருந்து எண்ணினால் முதல் மூன்று மாதம் ஜூலையோடு முடிகிறது. ராமானுஜன் தந்த முதல் அறிக்கையில் உள்ள தேதி 1913 ஆகஸ்ட் 5. இரண்டாவது நவம்பர் 7. மூன்றாவது, 1914 மார்ச் 9. மூன்றையும் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது.